வரப்பு வந்தால் இரண்டு மிதி

தேரி மணலுக்குக் காது முளைத்து ஆறு வருஷம் ஆகிறது. சோள முத்து அளவில் ஒரு கருவி, அவ்வளவுதான். 'வெண்கடல்' கம்பெனி அதை முதலில் உப்பளத்துப் பாத்திகளுக்கு அடியில் புதைத்தது. பிறகு வரப்புகளில், பிறகு ஊர்த் தெருக்களில். கடைசியில் ஆள் நடமாட்டமே இல்லாத செம்மணல் தேரிக்காட்டிலும் மேலிருந்து தூவிவிட்டுப் போனது. யார் கால் வைத்தாலும் இன்னார் என்று அது சொல்லிவிடும். கைக்கு ரேகை இருப்பது போல நடைக்கும் ரேகை உண்டாம். கம்பெனிக்காரர்கள் வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். சனங்கள் மண்காது என்றார்கள். யார் எத்தனை எட்டு நடந்தார், யார் எந்நேரம் ஒதுங்கி உட்கார்ந்தார், எல்லாவற்றையும் மண்ணே போட்டுக் கொடுத்துவிடும். முதலாளிமார்களுக்குச் சொல்லவா வேண்டும், கொண்டாட்டம்தான்.

அந்த மணலின் மேல்தான், ஆனி மாதத்து உச்சி வெயிலில், மூன்று பேர் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் போனவள் லிங்கக்கனி. வயது நாற்பத்து மூன்று, அதில் இருபது வருஷம் உப்பளத்தில் போனது. அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்க வந்தவர் ஐகோர்ட்துரை, அளத்தில் மோட்டார் ஓட்டுகிறவர். குலசாமி பெயரை வைத்தார்களே ஒழிய, கோர்ட் வாசலை மனிதர் இதுவரை மிதித்ததில்லை. இன்றைக்குச் செய்துவிட்டு வந்திருக்கிற காரியத்துக்கு அந்தக் குறையும் தீர்ந்துவிடும். மூன்றாவது ஆள் ஸ்டெல்லா புஷ்பம். இருபத்தாறு வயது. கம்பெனியின் கேட்பறையில் உட்கார்ந்து, மண் சொல்வதைத் திரையில் பார்க்கும் வேலை. இன்று காலை பத்து மணி வரைக்கும் அந்த வேலையில் இருந்தாள்.

பத்து மணிக்கு ஐகோர்ட்துரை ஒரு வால்வைத் திருப்பினார். உப்பு எடுத்தது போக மிஞ்சுகிற கசப்புத் தண்ணீர் கடலுக்குப் போகாமல் கேட்பறைக்குள் போனது. கால் மணி நேரத்தில் நாலடி உயரம். உப்பளத்துக்காரன் கையில் அகப்பட்டதைக் கொண்டு செய்த வேலை அது. வெடியும் இல்லை, தீயும் இல்லை. அத்தனை இயந்திரமும் குமிழி விட்டுச் செத்தது.

"ராத்திரி கெளம்பியிருக்கலாம் தங்கச்சி," என்றார் ஐகோர்ட்துரை. "காலு வெந்து போச்சு."

"ராத்திரி மணல் ஆறிரும் மாமா," என்று ஸ்டெல்லாதான் பதில் சொன்னாள். "நம்ம ஒடம்பு மட்டும் சூடாத் தெரியும். கம்பெனி மேல பறக்க விடுற ஈ மிஷினு நேரா வந்து தலையில உக்காந்துரும். இப்ப மணலும் நாமளும் ஒரே சூடு. காத்துக்குப் புழுதியும் கெளம்பிட்டு. அதுக்குக் கண்ணு தெரியாது."

"கண்ணு அவிஞ்சாச்சு. காது தண்ணிக்குள்ள கெடக்கு. பொறவு என்ன, நடங்க," என்றார் அவர். வெந்த காலை மறந்து முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. முப்பது வருஷம் சொன்ன இடத்துக்குத் தண்ணீர் இறைத்த மனிதர், முதல் முறையாகத் தன் இஷ்டத்துக்கு இறைத்திருக்கிறார்.

தேரியை லேசாக நினைத்துவிடக் கூடாது. குங்குமச் சிவப்பில் மணல் மேடு, அதை ஏறி இறங்கினால் உடைமுள் அடைத்த பள்ளம், அதைத் தாண்டினால் மறுபடி மேடு. காற்றடி காலத்தில் போன வாரம் இருந்த மேடு இந்த வாரம் இருக்காது. கழுத்து வரை புதைந்து தலையை மட்டும் காட்டுகிற பனைகள் உண்டு. ஜீப் ஏறாது, சுற்றிப் போகிற தார் ரோட்டில்தான் வர முடியும். இந்தக் காட்டைக் குறுக்கே கடந்துவிட்டால் கிழக்கே கடற்கரை. அங்கே ஸ்டெல்லாவின் தாய்மாமன் வள்ளத்தோடு நான்கு மணி வரை நிற்பார். அதற்கு மேல் நின்றால் கம்பெனியின் ரோந்துப் படகு வந்துவிடும்.

வள்ளத்தில் ஏற வேண்டியது அவர்கள்கூட அல்ல. ஸ்டெல்லாவின் துப்பட்டா முனையில் பாலிதீனில் சுற்றி முடிந்திருந்த நகக்கண் அளவு மெமரி கார்டு. அதில் இருநூற்றுப் பதினேழு பேருடைய பெயர்கள் இருந்தன.

சங்கதி இதுதான். உப்பு சீக்கிரம் விளையட்டும் என்று கம்பெனி பாத்தித் தண்ணீரில் ஒரு மருந்து கலந்தது. அது வெறுங்காலில் ஏறி நரம்பைத் தின்றது. நாலைந்து வருஷத்தில் கால் இழுக்கும், பிறகு கை, பிறகு மூச்சு. ஆனால் ஆளுக்குத் தெரிவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே மண்காதுக்குத் தெரிந்துவிடும். நடையில் மயிரிழை பிசகினாலும் அது பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் கம்பெனி டாக்டரிடம் அனுப்பவில்லை. 'ஆள்குறைப்பு' என்று சீட்டுக் கிழித்து அனுப்பியது. வேலையை விட்டு ஒரு வருஷம் கழித்து ஒருவன் விழுந்தால் அவன் யாரோ, கம்பெனி யாரோ.

லிங்கக்கனியின் புருஷன் மாடக்கண்ணு அப்படித்தான் போனான். சீட்டுக் கிழித்த அன்றைக்கு அவன் திடமாக இருந்தான். "நல்லா வேலை செய்யுதவனைப் போயி நிப்பாட்டுதானுவளே" என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டான். பதினான்கு மாதம் கழித்து, கடைசி நாளில் அவனால் அவள் பெயரைக்கூட முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஸ்டெல்லா ஒரு நாள் பழைய பதிவுகளுக்குள் அவன் பெயரைக் கண்டுபிடித்து, வீடு தேடி வந்து சொன்னாள். அன்றைக்கு லிங்கக்கனி அழவில்லை. "ஆரம்பத்துலயே பாத்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள். ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம் என்றாள் ஸ்டெல்லா. அந்த நிமிஷமே வால்வு பாதி திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் பாதிக்கு மேல் பேருக்கு இன்னும் எதுவும் தெரியாது. சட்டி கழுவிக்கொண்டும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டும் இருக்கிறார்கள். டவரைக் கம்பெனி அணைத்துவிட்டதால் போனில் அனுப்ப வழியில்லை. தெற்கே ஒரு டாக்டரம்மா மூன்று வருஷமாக ஆதாரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கார்டு அவர் கைக்குப் போனால் அத்தனை பேருக்கும் உயிர் தங்கும்.

மூன்றாவது மேட்டின் உச்சியில் ஸ்டெல்லா நின்றுவிட்டாள். மேற்கே ரோட்டில் இரண்டு ஜீப்புகள், இவர்களுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தன. இவர்கள் வடக்கே திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்தார்கள். ஜீப்புகளும் வடக்கே திரும்பின. மறுபடி தெற்கே வந்தார்கள். ஜீப்புகளும் வந்தன.

ஸ்டெல்லாவின் முகம் வெளுத்தது. "எக்கா, ஜீப்புல ரோந்துக்குன்னு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். நான் மறந்தே போனேன். பெரிய ரூம் செத்தாலும், ரெண்டு கிலோமீட்டருக்கு உள்ள இருக்க காது எல்லாம் அதுக்குக் கேக்கும். நம்ம மூணு பேரு நடையும் அதுல இருக்கு."

"நாசமாப் போச்சு," என்று ஐகோர்ட்துரை மணலில் உட்கார்ந்தார்.

லிங்கக்கனி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பு மணலில் மூன்று ஜோடிக் கால்தடம். அவள் கேட்டாள், "ஏட்டி, மிதி அன்னைக்கு மட்டும் ஏன் நோட்டுல பேரு எழுதுதானுவ?"

"மிதி அன்னைக்கு மிஷினுக்கு ஆளை எண்ணத் தெரியாதுக்கா. அம்பது பேரு மிதிச்சாலும் ஒரே ஒரு பெரிய காலு நடக்க மாதிரிதான் காட்டும். அதனால..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் வாயை மூடினாள்.

"எந்திரிங்க அண்ணாச்சி," என்றாள் லிங்கக்கனி.

உப்பளம் தெரியாதவர்களுக்கு மிதி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். பருவம் தொடங்கும்போது பாத்தித் தரையை இறுக்குவார்கள். பெண்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று, குதிகாலை முதலில் ஊன்றி, ஒரே நேரத்தில் மிதித்துக்கொண்டே போக வேண்டும். ஒருத்தி கால் முந்தினாலும் தரை வெடித்துவிடும். என்ன இயந்திரம் கொண்டுவந்தும் கம்பெனிக்கு அந்தப் பக்குவம் வரவில்லை. மிதிக்கிறபோது யாருக்கும் தன் நடை என்று ஒன்று இருக்காது, தலைவரிசைக்காரி முனகுகிற தாளம்தான் எல்லோருக்கும் நடை. இருபது வருஷமும் தலைவரிசையில் நின்றவள் லிங்கக்கனி.

மூவரும் தோளை ஒட்டிக்கொண்டார்கள். அவள் தொண்டைக்குள் முனகினாள். குதிகால், பாதம். குதிகால், பாதம். ஐகோர்ட்துரை இரண்டு தரம் தடுமாறினார்.

"தண்ணி எறச்ச காலு, மிதிக்கு வணங்க மாட்டேங்கு," என்றார்.

"வாய மூடிட்டு என் தோளப் பாத்து வாங்க," என்றாள் அவள்.

பத்து நிமிஷத்தில் அவருக்கும் கால் வசப்பட்டது. ரோட்டில் ஜீப்புகள் தயங்கி நின்றன. ஒன்று முன்னால் போனது, பிறகு திரும்பி வந்தது. ஸ்டெல்லா சத்தம் வராமல் சிரித்தாள். கம்பெனி ஆறு வருஷம் காது வைத்துக் கேட்டும், இந்தப் பெண்கள் சேர்ந்து நடந்தால் யார் யார் என்று அதற்குத் தெரியவில்லை. அந்த நினைப்பே மூவருக்கும் தண்ணீர் குடித்த தெம்பைக் கொடுத்தது.

அந்தத் தெம்பு இரண்டு மேட்டுக்குத்தான் வந்தது. தலைக்கு மேல் புழுதிக்குள் ஒரு இரைச்சல். கம்பெனியின் பறக்கும் கருவி கண் தெரியாமலேயே அவர்களை நோக்கித் தணிந்து வந்தது. அதன் ஒலிபெருக்கியில் ஒரு குரல் பேசியது.

"எக்கா, நல்லா இருக்கியளா? நான் சந்தனராஜ்."

காவல் படையின் தலைவன். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் அவளுடைய வரிசைக்குக் கங்காணி. அவள் கையால் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடித்தவன்.

"மிதிச்சு ஏமாத்தலாம்னு பாத்திய. பெட்டி ஏமாந்துட்டு. நான் எப்படிக்கா ஏமாறுவேன்? வரப்பு வந்துட்டா வரிசையத் திருப்ப நீங்க ரெண்டு மிதி ஓங்கி மிதிப்பியள்லா? இப்பவும் ஒவ்வொரு மேட்டு உச்சியிலயும் ரெண்டு மிதி விழுது. ஹெட்போன மாட்டிக் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

லிங்கக்கனி குனிந்து தன் காலைப் பார்த்தாள். மிதிக்கிறபோது எல்லோரும் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டு போவார்கள். வரப்பு வந்தது தெரியாது. தலைவரிசைக்காரி இரண்டு தரம் ஓங்கி மிதித்தால்தான் திரும்புவார்கள். இருபது வருஷப் பழக்கம். மேட்டு உச்சியை வரப்பென்று நினைத்துக்கொண்டு அவள் கால், அவளைக் கேட்காமலே மிதித்திருக்கிறது.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றது குரல். இப்போது கொஞ்சம் தணிந்திருந்தது. "ஒங்க எடது காலு நாலு மாசமா பிந்துது. அண்ணனுக்கு வந்த அதே சங்கதிதான். அந்தப் பிள்ளைகிட்ட இருக்க கார்டை வாங்கியாந்து குடுங்க. கம்பெனியே ஊசி போட்டுப் பாக்கும். நான் பேசிட்டேன். வீம்பு பண்ணாதிய."

லிங்கக்கனி மெல்லத் திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண் நிரம்பியிருந்தது.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. இந்தக் காரியம் முடியட்டும், ஒங்களைக் கையோட கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுட்டு அப்பறம் சொல்லுவோம்னு..."

"அவன் பேச்சைக் கேட்டா எனக்கு ஒருத்திக்கு ஊசி. மத்தவளுக்கு யாரு போடுவா?" என்றாள் லிங்கக்கனி. பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மாடக்கண்ணு கடைசி மாதத்தில் கிடந்த கிடை கண்முன்னால் வந்தது. ஆனால் அந்தப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. அவர்களுக்கு நாலு மாசமாகத் தெரியும். தெரிந்துகொண்டே, பருவம் முடியட்டும் என்று சீட்டுக்கூடக் கிழிக்காமல், நேற்றும் அவளைப் பாத்திக்குள் இறக்கியிருக்கிறார்கள்.

அவள் புடவையை ஏற்றிச் செருகினாள். "அண்ணாச்சி, ஸ்டெல்லாகூட சேந்து மிதிச்சிட்டே கெழக்க போங்க. ஏட்டி, தாளத்த நீ போடு. உச்சி வந்தா மிதிக்காத. நான் தெக்க போறேன்."

"தனியாவா? ஒன்னைப் பிடிச்சிருவானுவ தங்கச்சி."

"பிடிக்கட்டும். அவனுக்கு என் மிதிதான வேணும்? வயிறு முட்டக் குடுக்கேன்."

ஸ்டெல்லா அவளைக் கட்டிக்கொண்டாள். லிங்கக்கனி அவள் துப்பட்டா முடிச்சை ஒரு தரம் இறுக்கிவிட்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் தெற்கே இறங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் நடந்த நடையைத் தேரி மறக்காது. பள்ளத்தில் ஓடினாள், முள்ளில் புடவையைக் கிழித்துக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு உச்சியிலும் நின்று, மணல் அதிர இரண்டு மிதி. கூடவே தன் நடை தனியாகப் பிடிபடாமல், மூன்று பேர் நடக்கிற மாதிரி முன்னும் பின்னும் தட்டி வைத்தாள். தலைக்கு மேல் ஈ சுற்றிக்கொண்டே வந்தது. "எக்கா, நில்லுங்க, சொன்னாக் கேளுங்க" என்று அது கெஞ்சக் கெஞ்ச, அடுத்த மேட்டில் இன்னும் ஓங்கி மிதித்தாள். இடது கால் பிந்தியது. சந்தனராஜ் சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. பிந்தினால் பிந்தட்டும் என்று அதையே முதலில் தூக்கி வைத்தாள்.

மூன்று மணி இருக்கும். இனி ஒரு எட்டும் வைக்க முடியாது என்ற நிலையில், பெரிய மேடு ஒன்றின் உச்சியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே ஜீப்பை நிறுத்திவிட்டுச் சந்தனராஜ் தனியாக ஏறி வந்தான். கூட வந்தவர்கள் மேட்டைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார்கள். ஏறுவதற்கு அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக அவள் செய்த வேலை அதுதான், வரிசையில் எவள் கால் பிசகுகிறது என்று பார்ப்பது.

வந்தவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மத்த ரெண்டு பேரும் எங்க?"

"ஒக்காருல," என்றாள் அவள். "மூச்சு வாங்குது ஒனக்கு."

"எக்கா, வெளையாடாதிய. அந்தக் கார்டு எங்க?"

"காட்டுதேன். அதுக்கு முன்னால நீ ஏறி வந்த தடத்தப் பாரு."

அவன் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தான். சரிவில் அவன் பூட்ஸ் தடங்கள் அடியிலிருந்து உச்சி வரை வரிசையாக இருந்தன. இடது தடங்கள் தனித்தனியாக, சுத்தமாக விழுந்திருந்தன. வலது தடம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் சாண் நீளத்துக்கு ஒரு கோடு. காலைத் தூக்காமல் இழுத்த கோடு.

"சரிவு. மணல் வழுக்குது," என்றான்.

"நானும் இதே சரிவுலதான் ஏறினேன். என் தடத்தையும் பாரு. எடது பிந்தியிருக்கு. வலதுல கோடு இருக்கா? எல்லாருக்கும் ஒரே காலு மொதல்ல போவாதுல, எனக்கு எடது, ஒனக்கு வலது."

அவன் பார்த்தான்.

"பாத்திக்குள்ள யாரு எறங்குனாலும் செருப்பக் கழட்டணும்னு சட்டம் போட்டது யாரு? கங்காணிக்கும் அதே சட்டந்தான? ஒம்பது வருஷம், எங்க கூடத்தான நடந்த. மருந்துக்கு ஆளு தெரியுமா?"

"என் பேரு அதுல இருக்கா?" அவன் குரல் ஒலிபெருக்கியில் கேட்ட குரலாக இல்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாது. நான் படிச்சுப் பாக்கல. ஆனா போன மாசம் ஒன்னைய அளத்த விட்டு ரோந்துக்கு மாத்துனானுவளே, ஏன்னு கேட்டியா? அடுத்த மாசம் ரோந்துல இருந்தும் நிப்பாட்டுவானுவ. மாடக்கண்ணையும் அப்படித்தான் ரெண்டு தரம் மாத்துனாவ." அவள் நிதானமாகச் சொன்னாள். "அது கரை சேந்துட்டா ஊருக்குத் தெரியும், ஒனக்கும் தெரியும். நீ மறிச்சிட்டா யாருக்கும் தெரியாது. ஒனக்கும்தான்."

காற்று வீசியது. சரிவின் அடியில் இருந்த தடங்கள் மெல்ல மூடத் தொடங்கின. அவன் அவை மூடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. "சார், கெழக்க, கடலுக்குப் பக்கத்துல ஒரு நடை கேக்குது. ஒத்தக் காலு மாதிரி இருக்கு, ஆளு அடையாளம் வரல. போகவா?"

லிங்கக்கனி அவன் வாயைப் பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை. கெஞ்சினால் அது அவன் போடுகிற பிச்சையாகிவிடும்.

சந்தனராஜ் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனான். பொத்தானை அழுத்தினான், விட்டான், மறுபடி அழுத்தினான்.

"அது ஒண்ணுமில்ல," என்றான். "காத்துல பனை ஓலை அடிக்குது. நீங்க தெக்க தேடுங்க."

பிறகு பொத்தென்று மணலில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். லிங்கக்கனிக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அதற்காக அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மாசம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவன்தானே.

நான்கு மணிக்குக் கிழக்கே புழுதி விலகியபோது கடல் ஒரு கீற்று தெரிந்தது. அதில் வள்ளம் ஒன்று தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

லிங்கக்கனி எழுந்தாள். புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். இரண்டு கையையும் சேர்த்து அவன் முன்னால் நீட்டினாள்.

"விலங்க மாட்டுல. ஒன் வேலையாவது ஒனக்கு மிஞ்சட்டும்."

அவன் மாட்டவில்லை. "நடங்கக்கா," என்றான் தலையைத் தூக்காமல்.

அவள் முன்னால் இறங்கினாள். பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் வெறுங்காலோடு வந்தான். பத்தடி போனதும் அவன் வலது கால் இழுத்துத் தடுமாறுகிற சத்தம் கேட்டது. அவள் நின்றாள், பின்னால் நகர்ந்து தன் தோளை அவன் தோளோடு ஒட்டினாள், தொண்டைக்குள் முனகத் தொடங்கினாள். குதிகால், பாதம். குதிகால், பாதம்.

மேட்டின் அடிவாரத்தில் ஜீப் நின்றது. அதற்குள் இருந்த பெட்டி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். லிங்கக்கனி அதன் முன்னால் போய் நின்று, இடது காலைத் தூக்கி, இரண்டு மிதி ஓங்கி மிதித்தாள்.